நாற்பத்தொரு காலடி தூரத்துக்கு ஒரு பார்சல்

லின்டால் ஊரில் ஆர்லோ ட்வைட்டின் வாசற்படிக்கும் டெல்மர் குரோகரின் வாசற்படிக்கும் இடையே நாற்பத்தொரு காலடி தூரம். பனி கொட்டிக் கிடந்தால் ஐம்பது. இருபதாவது காலடியில் தெருவுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு வரும். கோட்டுக்குக் கிழக்கே மினசோட்டா, மேற்கே தெற்கு டகோட்டா. பனி வாரும் வண்டி இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி. ஒன்று மற்றதன் பாதியில் ஒரு கரண்டிப் பனியைக்கூட வாராது. வாரிவிட்டால் யாரோ யாருக்கோ விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

இந்தக் கோட்டைக் கொஞ்சமும் மதிக்காமல் முப்பது வருஷமாகக் கடந்துகொண்டிருந்தது ஒரு நீல நிறத் தகர டப்பா. டெல்மர் அதில் மான்கறி சாசேஜ் போட்டு அனுப்புவார். ஆர்லோவின் மனைவி ஜெனெட் மாவுக்கு நடுவே பேரீச்சம்பழம் வைத்துச் சுட்டு, துண்டுகள் போட்டு, அதே டப்பாவில் திருப்பி அனுப்புவாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது அந்தப் பக்கத்தில் பெரிய அவமரியாதை. டப்பா முதலில் யார் வீட்டில் வாங்கியது என்பது இரண்டு வீட்டிலும் மறந்துபோய்விட்டது.

அந்த நவம்பர் டெல்மருக்கு லின்டாலில் கடைசி நவம்பர். வயது எழுபத்து நான்கு, முட்டி இரண்டும் போய்விட்டது. வீட்டை விற்றாகிவிட்டது, சாமான்கள் ஏலத்தில் போய்விட்டன. வியாழனன்று தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து முடிந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அரிசோனாவுக்குக் கூட்டிப்போகப் போகிறாள். அதற்கு முன் மான் சீசன் தொடங்கி எட்டு நாள் கிடைக்கும்.

"டேய் ஆர்லோ, எங்கப்பன் துப்பாக்கியை எனக்கே வித்துடுடா" என்றார் டெல்மர்.

அந்தத் துப்பாக்கியை எண்பத்தாறில், விவசாயிகளெல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட வருஷத்தில், டெல்மர்தான் ஆர்லோவுக்கு விற்றார். அப்போது ஆர்லோவும் கோட்டுக்கு மேற்கேதான் குடியிருந்தார். சமையலறை மேஜையில் வைத்துக் கைமாறியது. அந்த வியாபாரத்தில் சம்பந்தப்பட்ட ஒரே தாள், கை துடைத்த தாள்.

"விக்கிறதாவது! சும்மா எடுத்துட்டுப் போடா."

"சும்மா வாங்கற ஆளா நான்? தானமும் வேண்டாம், இரவலும் வேண்டாம். நீ குடுத்த விலைக்கே குடு. என் சொந்தத் துப்பாக்கியால ஒரே ஒரு மான். அதுக்கப்புறம் அரிசோனாவுல உக்காந்து கள்ளிச் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்பத்தொரு காலடி நடந்து கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். ஆர்லோ அப்படிப்பட்ட ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் பதினோரு வருஷம் ஆன பிறகும் அந்த கிராஸிங்கில் பஸ்ஸை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடப்பார். சீசனுக்கு மூன்று வாரம் இருந்தது. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டெல்மரையும் துப்பாக்கியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

லின்டால் துப்பாக்கிக் கடை, தெரு முடிகிற இடத்தில் மாநில எல்லையின்மேல் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறது. முன்பு அது நடன அரங்கு. ஒரு மாநிலத்தில் பீர் நிறுத்தும் நேரம் வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து மேற்குப் பக்கம் போய் உட்காருவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். இப்போது ஒரு கம்பெனி அதை வாங்கி, கிழக்கே ஒரு கவுண்டர், மேற்கே ஒரு கவுண்டர், இரண்டுக்கும் சுவரில் தனித்தனி லைசென்ஸ் என்று மாட்டிவைத்திருந்தது. இரண்டு கவுண்டருக்கும் சேர்த்து ஊழியர் ஒருவன்தான். பெயர் ராண்டல் ஷுப். சட்டைப்பையில் இரண்டு பேட்ஜ் வைத்திருப்பான். எந்தக் கவுண்டரில் நிற்கிறானோ அந்த பேட்ஜைக் குத்திக்கொள்வான்.

"வாங்க ஆர்லோ, வாங்க டெல்மர். ஜெனெட் சௌக்கியமா?" என்ற ராண்டல், துப்பாக்கி உறையைப் பார்த்ததும் மினசோட்டா பேட்ஜை நேராக்கிக்கொண்டான். "என்ன உதவி வேணும், மிஸ்டர் ட்வைட்?"

ஆர்லோ விஷயத்தைச் சொன்னார்.

"விக்கிறவர் மினசோட்டா. வாங்கறவர் தெற்கு டகோட்டா. நேராக் குடுத்தா ஃபெடரல் குற்றம்" என்றான் ராண்டல், வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில். "அவர் மாநிலத்துல லைசென்ஸ் இருக்கற டீலருக்குப் போகணும். அங்க அவர் ஃபாரம் நிரப்பி, பழைய குற்றம் ஏதாவது இருக்கான்னு அரசாங்க விசாரணை முடிஞ்சு, வாங்கிக்கணும்."

"அவர் மாநிலத்து டீலர் யாரு?"

ராண்டல் கையை நீட்டி மேற்குக் கவுண்டரைக் காட்டினான். அது பதினோரு காலடி தள்ளி இருந்தது. ஆர்லோவின் முகம் மலர்ந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"நில்லுங்க, மிஸ்டர் ட்வைட்! கையில கொண்டுபோய்க் குடுக்க முடியாது. பார்சல்லதான் வரணும்."

"ஏம்ப்பா, சட்டம் அப்படிச் சொல்லுதா?"

"சட்டம் கையில குடுக்கலாம்னுதான் சொல்லுது. ஆனா சட்டத்தைவிட எங்க கம்பெனி ஒரு படி கூடவே கவனமா இருக்கும். பார்சல் நம்பர் போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகும். நம்பர் இல்லாம நிக்கும், பாருங்க, அப்படியே நிக்கும்."

டெல்மருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ் ராண்டல், அந்தக் கவுண்டர்லயும் நீதானே நிப்பே?"

"நான்தான் நிப்பேன். ஆனா அங்க நிக்கறப்போ இங்க நடந்தது எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. அதுதான் முறை."

பார்சல் கம்பெனியோ தனியாரிடமிருந்து துப்பாக்கியை வாங்காது, டீலர் அனுப்பினால்தான் எடுக்கும். ஆகவே கிழக்கு ராண்டல் மேற்கு ராண்டலுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் மேற்கு ராண்டலின் லைசென்ஸ் நகல், கையெழுத்தோடு, ஃபேக்ஸில் வந்து சேர வேண்டும். ராண்டல் பதினோரு காலடி நடந்தான். பேட்ஜை மாற்றினான். லைசென்ஸைச் சுவரிலிருந்து கழற்றி நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டான். கடையில் ஃபேக்ஸ் மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து அதற்கே எண்ணைச் சுழற்றினான். லைன் பிஸியாக இருந்தது.

"யாரோ பேசிட்டிருக்காங்க போல. கொஞ்சம் பொறுங்க" என்றான்.

நான்கு நாள் பொறுத்தார்கள். ஐந்தாம் நாள் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் நகலை அங்கே வாங்கி இங்கே அனுப்பிவைத்தார். துப்பாக்கியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரலாம் என்று ராண்டல் ஃபோன் செய்தான். தன் வீட்டு ஜன்னலிலிருந்தே அவன் ஃபோன் பேசுவது ஆர்லோவுக்குத் தெரிந்தது.

ஆர்லோ முதல் பெட்டியின்மேல் "துப்பாக்கி, பத்திரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அவருக்குத் தெரிந்த ஒரே பழக்கம் உள்ளதைச் சொல்வது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியவே கூடாது என்று ராண்டல் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டாவது பெட்டியில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அது கொஞ்சம் பெரிய பெட்டி. எவ்வளவு காகிதம் திணித்தாலும் துப்பாக்கி உள்ளே ஆடியது.

ஜெனெட் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டெல்மரோட டப்பா ஈஸ்டர்ல இருந்து நம்மகிட்டதான் கிடக்குது. அவர் ஊரைவிட்டே போறாரு. எப்படியும் அவருக்குத்தானே போற பெட்டி? டப்பாவை அந்தச் சந்துல வையுங்க, ஆடாது."

"வெறும் டப்பாவா?"

"வெறும் டப்பாவை அனுப்பற வீடா இது?" என்றாள். அப்போதே அடுப்பிலிருந்து எடுத்த பேரீச்சம்பழத் துண்டுகள் பன்னிரண்டை அடுக்கினாள். டப்பா சந்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, துப்பாக்கி ஆடவில்லை. ஆர்லோவுக்கு அப்போது அது ரொம்பவே புத்திசாலித்தனமாகப் பட்டது.

கடையில் ராண்டல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். "இது என்ன?"

"டெல்மரோட டப்பா. பன்னிரண்டு துண்டு இருக்கு."

"வெளியே எடுத்துடலாம்..." என்று ஆரம்பித்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "இல்ல, இருக்கட்டும். 'இதர பொருள்கள்'னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா இது முரண்டு பிடிக்கும். தகர டப்பா ஒண்ணு, பேரீச்சம்பழத் துண்டு பன்னிரண்டு. போட்டாச்சு. ஆஹா, பச்சைக் குறி வந்துடுச்சு! முதல் தடவையா வந்திருக்கு!"

ஆர்லோ வெளியே போய் வண்டியின் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத் திரும்பியபோது, ராண்டல் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குப் பார்சல் வேன் கிழக்கு வாசலுக்கு வந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டு, மேற்கு வாசலைக் கடந்து, டெல்மர் வீட்டு முன்னால் திரும்பிப் போனது. டெல்மர் வாசலில் நின்று கையசைத்தார்.

அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி பார்த்த ஊர்களை டெல்மர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மினியாபொலிஸ் போயிற்று. டெ மாய்ன் போயிற்று. ஒமாஹாவுக்கு வந்து, என்ன நினைத்ததோ, கான்சாஸ் சிட்டிக்கு இறங்கிற்று. நாள் தவறாமல் ஆர்லோவின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. ஒமாஹாவில் இருந்தபோது "உங்கள் பொருள் உங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறது" என்றது. கான்சாஸ் சிட்டியில் இருந்தபோது "இன்னும் நெருங்கிக்கொண்டிருக்கிறது" என்றது. அதன் பிறகு மூன்று நாள் மூச்சே இல்லை. நாலாம் நாள் வந்த செய்தியை ஆர்லோ உரக்கப் படித்தார்.

"ஊடுகதிர்ச் சோதனையில் அடையாளம் தெரியாத அடர்த்தியான பொருள் காணப்பட்டதால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது."

"அடர்த்தியா?" ஜெனெட் கரண்டியைக் கீழே வைத்தாள். "முப்பது வருஷமா செய்யறேன், ஒருத்தர் அடர்த்தின்னு சொன்னதில்ல. துப்பாக்கியைப் பாத்தானாம், அது சரியாம். என் பலகாரத்தைப் பாத்துப் பயந்துட்டானாம்!"

மான் சீசன் சனிக்கிழமை தொடங்கியது. டெல்மர் விடியற்காலையில் எழுந்து, ஆரஞ்சுச் சட்டை போட்டு, சட்டைப்பையில் வேட்டை அனுமதிச் சீட்டைச் செருகி, சோளக்கொல்லை ஓரத்திலிருந்த மரக்கூண்டில் ஏறி உட்கார்ந்தார். கையில் ஒரு ஃபிளாஸ்க் காப்பி இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆர்லோவின் சமையலறையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"வந்துச்சுடா. எட்டுக் கிளைக் கொம்பு. இருபது காலடியில நின்னுச்சு. கூண்டுக் கம்பத்துல முதுகைச் சொறிஞ்சுட்டு, என்னைப் பாத்துக் கொட்டாவி விட்டுச்சு. சனியன், அதுக்குத் தெரிஞ்சிருக்கு, என் துப்பாக்கி கான்சாஸ்ல இருக்குன்னு."

"என்னோட இன்னொரு துப்பாக்கி..."

"வேண்டாம்னேன்ல."

ஆர்லோவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒழுங்கு ஒழுங்கு என்று இருந்தே சிநேகிதனின் கடைசி சீசனைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. நேராகக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அப்படி நினைத்ததற்காகவும் தனியாகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை, ஆயிரத்து நானூறு மைல் சுற்றிவிட்டுப் பெட்டி மேற்குக் கவுண்டரில் வந்து இறங்கியது. இருவரும் ஓடினார்கள். டெல்மர் அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு எப்படி ஓடினார் என்பது அவருக்கே தெரியாது. ராண்டல் தெற்கு டகோட்டா பேட்ஜோடு நின்றுகொண்டிருந்தான். பெட்டி திறந்திருந்தது. முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"குறையுது" என்றான்.

"என்னப்பா குறையுது? துப்பாக்கியிலயா?"

"துப்பாக்கி பத்திரமா இருக்கு. துண்டு குறையுது. பட்டியல்ல பன்னிரண்டு, பெட்டியில பதினொண்ணு. வந்து சேர்ந்த சரக்கு பட்டியலோட ஒத்துப்போகல. நான் கையெழுத்துப் போட முடியாது. தலைமை அலுவலகத்துல இருந்து ஆள் வரணும்."

மறுநாள் காலை, நான்கு மணி நேரம் பனியில் கார் ஓட்டிக்கொண்டு கொரீன் ஹாக்லண்ட் வந்து சேர்ந்தார். விதிகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று மேற்பார்வையிடும் அதிகாரி. சின்ன உருவம், பெரிய கோப்பு. டப்பாவைக் கையுறை போட்டுக்கொண்டு திறந்து, இரண்டு தடவை எண்ணினார். பிறகு இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நீங்க ரெண்டு பேரும் பயப்பட வேண்டாம். எங்க கம்பெனியைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. பதினாறு வருஷத்துல எங்ககிட்ட ஒரு தாள்கூடத் தொலைஞ்சதில்ல."

"துப்பாக்கி?" என்றார் டெல்மர்.

"துப்பாக்கி நாலு தொலைஞ்சிருக்கு. ஆனா நாலுக்கும் தாள் சரியா இருந்துச்சு. ஆடிட்டர் கை குலுக்கிட்டுப் போனார்." கொரீனின் கண்ணில் நிஜமாகவே பெருமை மின்னியது. "இங்க நிலைமை வேற. துப்பாக்கி இருக்கு, தாள் தப்பா இருக்கு. இதுமாதிரி மோசமான கேஸ் நான் பாத்ததில்ல. ஒரு சின்னத் துண்டுதானேன்னு தோணும். இன்னிக்கு ஒரு துண்டை விட்டா, நாளைக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

ஆர்லோ யோசித்துப் பார்த்தார். நாளைக்குத் தேங்க்ஸ்கிவிங் என்பது மட்டுமே அவருக்கு ஞாபகம் வந்தது.

விசாரணை தொடங்கியது. கொரீன் முதலில் கிழக்குக் கவுண்டருக்குப் போனார். ராண்டல் பேட்ஜை மாற்றிக்கொண்டு எதிரே நின்றான்.

"நீங்க அனுப்பறப்போ பன்னிரண்டு இருந்துச்சா?"

"பன்னிரண்டுன்னு பதிவு பண்ணினேன், மேடம்."

இருவரும் பதினோரு காலடி நடந்து மேற்குக் கவுண்டருக்கு வந்தார்கள். ராண்டல் மறுபடி பேட்ஜை மாற்றினான்.

"நீங்க வாங்கறப்போ?"

"பதினொண்ணு, மேடம்."

"கிழக்குக் கவுண்டர் ஊழியர் தப்பாப் பதிவு பண்ணியிருப்பார்னு சந்தேகப்படறீங்களா?"

ராண்டல் பேட்ஜை நேராக்கிக்கொண்டான். "அவரைப் பத்தி நான் கருத்துச் சொல்லக் கூடாது, மேடம். வேற லைசென்ஸ்."

"சரி. பார்சல் கம்பெனிக்கு எழுதிக் கேக்கலாம். பத்து வேலை நாள் ஆகும்."

டெல்மர் எழுந்தார். அவர் கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்த ஆர்லோ, அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டுத்தான் பயந்துபோனார். "ராண்டல். உன்னை எனக்கு நாலு வயசுல இருந்து தெரியும். உங்கம்மா சாவுக்கு ஜெனெட் இதே துண்டுதான் ரெண்டு தட்டு கொண்டுவந்தா. நீ மேஜைக்கு அடியில உக்காந்து ஒரு தட்டைத் தின்னு தீர்த்தே. நான் ஞாயித்துக்கிழமை போயிடறேன்டா. திரும்பி வர மாட்டேன்."

ராண்டல் மார்பிலிருந்த பேட்ஜைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்த இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் மேஜைமேல் வைத்தான். பேட்ஜ் இல்லாமல் அவனைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது, சாதாரண மனுஷனாகத் தெரிந்தான்.

"நான்தான் தின்னேன்" என்றான். "வெடிமருந்து இல்லைன்னு உறுதிப்படுத்திக்கலாம்னு பாத்தேன். அடுப்புல இருந்து எடுத்த சூடு அப்படியே இருந்துச்சு, டெல்மர். ஒண்ணோட நிறுத்தினதே பெரிய விஷயம்."

வேலை போய்விடும் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். கொரீனோ நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே! 'சோதனையில் செலவானது'னு இதுக்குத் தனிக் கட்டமே இருக்கு" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இப்போ ஒத்துப்போகுது. மிஸ்டர் குரோகர், ஃபாரம் நிரப்புங்க."

டெல்மர் நிரப்பினார். பேட்ஜை மறுபடி குத்திக்கொண்ட ராண்டல் அரசாங்கக் குற்றப் பின்னணி விசாரணைக்கு ஃபோன் செய்தான். காத்திருந்தான். ஃபோனை மெதுவாக வைத்தான்.

"தாமதம்னு வந்திருக்கு. காரணம் சொல்ல மாட்டாங்க. உங்க பேர்ல வேற எவனாவது எங்கயாவது என்னவாவது செஞ்சிருப்பான். மூணு வேலை நாள் பொறுத்தா குடுத்துடலாம். நாளைக்கு லீவு. வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு. சனி, ஞாயிறு கணக்குல வராது. வர்ற புதன்கிழமை வாங்கிக்கலாம்."

டெல்மர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தத் தொப்பியைப் பார்க்க ஆர்லோவுக்குத் தாங்கவில்லை. அவர் குரலை உயர்த்தியதை அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அம்மா, இவன் ஞாயித்துக்கிழமை போறான்! ஃபேக்ஸ்னீங்க, பொறுத்தேன். பெட்டின்னீங்க, ரெண்டு தடவை கட்டினேன். நாடு சுத்திட்டு வந்துச்சு, பேசாம இருந்தேன். இந்தச் சட்டத்துல இவன் கையில அவன் அப்பன் துப்பாக்கியைக் குடுக்க வேற வழியே கிடையாதா?"

"இருக்கே" என்றார் கொரீன்.

டெல்மர் கையில் சுற்றிக்கொண்டிருந்த தொப்பி நின்றது.

"ரெண்டு விதிவிலக்கு இருக்கு. முதலாவது, நீங்க இறந்துபோயிருக்கணும். உயில்ல அவர் பேருக்கு எழுதி வச்சுட்டு இறந்துட்டா, டீலரும் வேண்டாம், பார்சலும் வேண்டாம். நேரா அவருக்கே போயிடும்."

டெல்மர் ஆர்லோவை ஏற இறங்கப் பார்த்தார். ஆர்லோவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"ரெண்டாவது?"

"வேட்டைக்காகத் தற்காலிகமா இரவல் குடுக்கலாம். எந்த மாநிலத்துக்காரருக்கும் குடுக்கலாம். ஃபாரம் கிடையாது. தெருவைக் கடந்துபோய்க் கையில குடுத்துட்டு வரலாம்."

ஆர்லோ ராண்டலைப் பார்த்தார். ராண்டல் கூரையைப் பார்த்தான்.

"இதை ஏம்ப்பா முதல் நாளே சொல்லல?"

"நீங்க விக்கணும்னுதானே கேட்டீங்க? இரவல்னு கேக்கவே இல்லையே. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றான். கொரீன் மெச்சும் விதமாகத் தலையாட்டினார்.

ஆனால் இரவல் கொடுக்க வேண்டுமானால் துப்பாக்கி முதலில் ஆர்லோவிடம் திரும்பி வர வேண்டும். அதுவோ மேற்கு லைசென்ஸின் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆகவே ஆர்லோ ட்வைட், முப்பத்தெட்டு வருஷமாகத் தனக்குச் சொந்தமாக இருந்த துப்பாக்கியைப் பெறுவதற்காக ஃபாரம் நிரப்பினார். உண்மையாகவே இதைப் பெறுபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்து, ஆமாம் என்று எழுதினார். இரண்டு நிமிஷத்தில் அனுமதி வந்தது.

"வாழ்த்துக்கள், மிஸ்டர் ட்வைட்" என்று ராண்டல் கை குலுக்கினான். "நல்ல துப்பாக்கி. பழசானாலும் நல்லா வச்சிருந்திருக்காங்க."

துப்பாக்கியை ஆர்லோவும் டப்பாவை டெல்மரும் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மஞ்சள் கோட்டருகே ஆர்லோ நின்று துப்பாக்கியை நீட்டினார். டெல்மர் வாங்கவில்லை.

"எங்கப்பன் துப்பாக்கியை நான் இரவல் வாங்கறதா? அன்னிக்கே சொன்னேன்ல."

"உன் கையில இருக்கே டப்பா, அது யாரோடது?"

டெல்மர் குனிந்து பார்த்தார். "...தெரியலடா."

"எனக்கும் தெரியல. முப்பது வருஷத்துல அதுக்காக நீயோ நானோ என்னிக்காவது கூச்சப்பட்டிருக்கோமா? பிடிடா, கை விறைக்குது."

டெல்மர் வாங்கிக்கொண்டார். உறையின் ஜிப்பை அங்கேயே இறக்கி, கட்டையில் தன் அப்பா கத்தியால் கீறிவைத்திருந்த இரண்டு எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். மூக்கு ஒழுகியது. குளிர் என்று சொன்னார்.

வியாழன் மான் ஒன்றும் வரவில்லை. வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் சோளக்கொல்லைப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஆர்லோ சமையலறையில் நின்றபடியே அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தார். அடுத்தது கேட்கவில்லை. அவர் ஜெனெட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை டெல்மரின் மகள் காரை ஓடவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். டெல்மர் ஒரு தோளில் துப்பாக்கியும் கையில் நீல டப்பாவுமாகத் தெருவைக் கடந்து வந்தார்.

"இரவல் முடிஞ்சுது. எடுத்துக்கோ. டப்பாவுல சாசேஜ். ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்சேன்."

"அந்த முதல் விதிவிலக்கு இருக்கே, அதையும் எழுதி வச்சுட்டேன்" என்றார் ஆர்லோ. "எனக்கப்புறம் துப்பாக்கி உனக்கு."

"ஏன்டா, எனக்கே எழுபத்து நாலு."

"எனக்கு எழுபத்தொண்ணு. முயற்சி பண்றேன்."

"ஒண்ணும் முயற்சி பண்ண வேண்டாம், மூடிட்டு இரு. அடுத்த நவம்பர்ல இரவல் வாங்க வரேன்."

வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். கார் மேற்கே திரும்பி மறையும் வரை ஆர்லோ கோட்டின் மேலேயே நின்றார். பிறகு டப்பாவைத் திறந்தார். சாசேஜ்களுக்கு மேல் மடித்துவைத்த ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. டெல்மரின் கோணல் எழுத்து.

"பன்னிரண்டு செய்தேன். பதினொன்றுதான் இருக்கும். ஒன்றை மேற்கு ராண்டலுக்குக் கொடுத்துவிட்டேன். கிழக்கு ராண்டல் வந்து கேட்டால் கொடுக்காதே."

ஆர்லோ நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே, வழக்கம்போல, எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். திரைச்சீலை கழற்றிய ஜன்னல்தான் தெரிந்தது. சிரிப்பு பாதியில் நின்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"ஜெனெட், பேரீச்சம்பழம் இருக்கா? டப்பா நம்மகிட்ட வந்திருக்கு. அரிசோனாவுக்குப் பார்சல் அனுப்பணும்."